மேற்குத் தொட்டியில் சாம்பல் இல்லை

என் மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. குற்றாலம் மலையடிவாரத்தில் கட்டிய தண்ணீர்த் தொட்டிகளைப் பற்றிய ரிப்போர்ட்டை எழுதி முடித்துவிட்டாய் என்றும், சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து நிலக்கரிச் சாம்பல் கலந்த உன் சோதனை தோல்வி என்று அதில் ஒத்துக்கொண்டிருக்கிறாய் என்றும் எழுதியிருந்தாய். மாதக் கடைசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அந்த வேலையையே விட்டு எங்காவது பாடம் சொல்லப் போய்விடலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருந்தாய். கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் திரும்ப வாங்கு. ஒழுகுகிற மேற்குத் தொட்டி உன்னுடையது இல்லை. அதில் ஒரு பிடி சாம்பல்கூடக் கிடையாது. உன் சாம்பல் முழுவதும் கிழக்குத் தொட்டியில் இருக்கிறது. அது இந்த நான்கு வருஷத்தில் ஒரு சொட்டுக் கசியவில்லை. மாற்றி வைத்தவன் நான். எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டிருந்தாய். உன் அம்மா சௌக்கியம். என்னைப் பற்றி, இதைக் கடைசி வரை படித்துவிட்டு நீயே ஒரு முடிவுக்கு வா.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொறாமை. அடுத்த வீட்டுக்காரன் மேல் இல்லை, என்னோடு வேலை பார்த்தவன் மேல் இல்லை, உன் மேல். பெற்ற பிள்ளை மேல் பொறாமைப்படுகிறவன் உண்டா என்று கேட்டால், தென்காசியில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆனால் கேட்ட மாத்திரத்தில் நாலு பேராவது தலையைக் குனிவார்கள் என்றுதான் நினைக்கிறேன். நான் குனிந்து குனிந்து கழுத்து வலித்துப்போய் எழுதுகிறேன்.

இது தொட்டி கட்டும்போது வந்ததும் இல்லை. நீ எட்டாம் வகுப்பில் இருந்தபோது, இலத்தூர்ப் பக்கம் ஒரு கால்வாய்க்கு எவ்வளவு மண் வெட்ட வேண்டும் என்று இரண்டு நாளாக நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்குக் கணக்கு வராமல் இல்லை. நன்றாக வரும். மேலே படிக்க வைக்க ஆள் இல்லாததால் ஒர்க் இன்ஸ்பெக்டராக நின்றுவிட்டேன், அவ்வளவுதான். நீ பின்னால் வந்து நின்று பார்த்தாய். என் பென்சிலை வாங்கினாய். உன் அம்மா எனக்கு ஆற்றிக் கொடுத்த காப்பியை நான் குடித்து முடிப்பதற்குள் விடையைப் போட்டுவிட்டாய். அதுதான் சரியான விடை. டீக்கடையில் போய் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னேன். கேட்டவர்கள் எல்லாம், "பிள்ளை உங்களத் தாண்டிப் போயிருவான் அண்ணாச்சி" என்றார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, செருப்பைத் தாறுமாறாக விட்டிருக்கிறாய் என்று உன்னை அடித்தேன். நீ ஏன் என்று தெரியாமல் அழுதாய். செருப்புக்காக இல்லை, மகனே.

அப்புறம் நீ கல்லூரிக்குப் போனாய், இன்ஜினீயர் ஆனாய், சென்னையில் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தாய். சோதனைக்காக இரண்டு தொட்டிகள் குற்றாலத்தில் கட்டுவது என்று முடிவாகி, நீதான் வருகிறாய் என்று தெரிந்ததும் உன் அம்மா அம்மி கழுவ ஆரம்பித்துவிட்டாள். நீ வந்து இறங்கிய அன்று தேங்காய்ப்பால் பிழிந்து சொதி வைத்தாள். நான் சொதி கேட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. தேங்காய் விலை, உடம்புக்கு ஆகாது, நாளைக்குப் பார்ப்போம் என்று ஆறு மாதமாகச் சொன்னவள், உனக்காக மூன்று தேங்காய் துருவினாள். நீ இன்னும் கொஞ்சம் என்று கேட்டபோது, என் இலைக்கு வந்த கரண்டி உன் இலைக்குத் திரும்பியது. இதையெல்லாம் எழுதுவதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் சின்னச் சின்னதாகத்தான் அது வந்தது, அதனால் சின்னதையும் சொல்லத்தான் வேண்டும்.

வேலை நடந்த இடம் ஐந்தருவிக்குப் போகிற பாதையில், மேட்டில். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொட்டி, ஒரே அளவு. மேற்குத் தொட்டியில் சாம்பல் கலந்த சிமெண்ட், கிழக்கில் வெறும் சிமெண்ட். சில வருஷம் அருவித் தண்ணீரை நிறுத்தி வைத்து எது தாங்குகிறது என்று பார்ப்பது. நான் அந்த வேலைக்கு ஒர்க் இன்ஸ்பெக்டர். அதாவது, மணலும் ஜல்லியும் சிமெண்டும் சரியான அளவில் விழுகிறதா என்று கலவை போடுகிற இடத்தில் காலையிலிருந்து நின்று பார்க்கிற ஆள். முப்பது வருஷம் நின்றிருக்கிறேன். ஒர்க் இன்ஸ்பெக்டருக்கு நாற்காலி கிடையாது.

உன் பெரிய இன்ஜினீயர் முதல் தடவை வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். இரண்டு நாற்காலி போட்டிருந்தோம். ஒன்றில் அவர் உட்கார்ந்தார். "தம்பி, உக்காருங்க. நீங்க ஏன் நிக்கறீங்க?" என்று இன்னொன்றை உனக்குக் காட்டினார். நீ உட்காரவில்லை. "எங்கப்பா நிக்காங்க சார், நானும் நின்னுக்கிடுதேன்" என்றாய். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஓ, இவர்தான் உங்க அப்பாவா? ரொம்ப சந்தோஷம்" என்றவர் அதே மூச்சில், "அந்த அளவு நோட்டைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். நான் நோட்டோடு திரும்பி வரும்போது, "எப்பேர்ப்பட்ட பிள்ளை!" என்று மற்றவர்களிடம் உன்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார். முப்பது வருஷம் நின்ற என்னை ஒருவன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீ இரண்டு நிமிஷம் நின்றாய், எப்பேர்ப்பட்ட பிள்ளை ஆகிவிட்டாய்.

சாம்பல் மூட்டைகள் ரயிலில் வந்தன. சிமெண்டுக்குச் சர்க்கார் பெர்மிட் கேட்டு எழுதிப்போட்டுவிட்டு ஊரே காத்துக் கிடந்த காலம் அது. பள்ளிக்கூடச் சுவர் பாதியில் நிற்கும், பாலம் பாதியில் நிற்கும். நீயோ ஒரு மூட்டையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிக் காட்டினாய். மாவு மாதிரி இருந்தது. "அப்பா, இது அடுப்புச் சாம்பல் இல்ல. கரி எரிச்சுக் கரண்ட் எடுக்குத எடத்துல, பொகையோட போகுததப் புடிச்சது. பூதக்கண்ணாடில பாத்தா ஒவ்வொண்ணும் உருண்டையா கண்ணாடி கணக்கா இருக்கும்" என்றாய். சிமெண்ட் இறுகும்போது கொஞ்சம் சுண்ணாம்பு சும்மா மிச்சம் கிடக்கும், நம் அருவித் தண்ணீர் மென்மையான தண்ணீர், அது அந்தச் சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு போய்விடும், சாம்பல் இருந்தால் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து அதுவும் இறுகிக்கொள்ளும் என்றாய். முதலில் சோம்பலாகத்தான் இறுகும், போகப் போக அசைக்க முடியாது என்றாய். எனக்கு நன்றாகவே புரிந்தது. குற்றாலத்துத் தண்ணீரில் சோப்புப் போட்டால் எத்தனை குடம் ஊற்றினாலும் வழுவழுப்புப் போகாது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரை முப்பது வருஷமாகத் தேக்கி வைக்கிற எனக்கு இது ஏன் தோன்றவில்லை என்றுதான் வயிறு எரிந்தது. "அடுப்படில அள்ளிப் போடுதத எல்லாம் செவுத்துல போட்டா நிக்குமாலே?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். நீ கோபப்படாமல் சிரித்தாய்.

நீ வகுத்த முறை எளிமையானது. ஐந்தில் ஒரு பங்கு சிமெண்டை எடுத்துவிட்டு அதற்குச் சாம்பலைப் போட்டுக் கொட்டகையில் வைத்தே நன்றாகக் கலந்து, பழையபடி சாக்கில் கட்டி, வாயில் சிவப்புக் கயிறு. வெறும் சிமெண்டுக்கு வெள்ளைக் கயிறு. சிவப்பு முதல் நாள் மேற்கே போகும், வெள்ளை மறுநாள் கிழக்கே. கான்கிரீட் போடுவதற்கு முந்தின நாள் மத்தியானம் பெரிய இன்ஜினீயரை அழைத்து வர நீ தென்காசி ஸ்டேஷனுக்குக் கிளம்பினாய். கொட்டகைச் சாவியை என் கையில் கொடுத்து, "நீங்க இருக்கும்போது எனக்கென்னப்பா" என்றாய்.

கூலியாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். சிவப்பை அவிழ்த்து வெள்ளையைக் கட்டினேன். வெள்ளையை அவிழ்த்துச் சிவப்பைக் கட்டினேன். விரலில் தோல் உரிந்துவிட்டது. உன்னைத் தோற்கடிக்க அல்ல என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் தொட்டி ஒழுகினால் நான்தானே ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது? ஆகவே உன் பெயர் எழுதிய மேற்குத் தொட்டியில் நல்ல சிமெண்ட் இருக்கட்டும், அது நிற்கட்டும். சிமெண்ட் கணக்கு மூட்டைக்கு மூட்டை ஒத்துப்போக வேண்டும், கூடுதலாக எடுக்க வழியில்லை, ஆகவே சாம்பல் கிழக்கே போகட்டும், அது ஒழுகட்டும். உள்ளே இருந்தது வேறு. ஒரு நாள் உன்னை அந்த மேட்டுக்குக் கூட்டிப்போய், "ஏலே, ஒன் சாம்பல் அங்கன இருக்கு, ஒழுகுதது பாரு. ஒன் பேரு நிக்குதுன்னா அது நான் போட்ட சிமெண்டு" என்று உன் காதில் மட்டும் சொல்ல வேண்டும். நீ எவ்வளவு உயரம் போனாலும் அப்பன் தூக்கிவிட்டதால் போனோம் என்று உனக்கு உறுத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

முதல் நாள் மேற்கில் கான்கிரீட் விழும்போது நீ கூடவே நின்றாய். "கொஞ்சம் வெளுப்பா தெரியுதேப்பா?" என்று கேட்டாய். "வெயில்ல அப்பிடித்தாம்லே தெரியும்" என்றேன். ஆராய்ச்சிக்கூடத்தில் கைப்பிடி அளவு கலந்து பார்த்தவன் நீ, மலையடிவார வெயிலில் பார்த்ததில்லை. அப்பா சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டாய். மறுநாள் வெறும் சிமெண்டுதானே என்று பெரிய இன்ஜினீயரை அருவியில் குளிக்கக் கூட்டிப் போய்விட்டாய். அன்றைக்கு மைதீன் கொத்தனார் என்னிடம் வந்தார். என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர். அவர் கைக்குத் தெரியாத கலவை இல்லை.

"அண்ணாச்சி, நேத்து மேக்க போட்டது நம்ம எப்பவும் போடுத கலவை மாதிரில்லா இருந்துச்சு. இன்னைக்குக் கெழக்க போடுதது வெண்ணெ கணக்கா வழுக்கிட்டுப் போயி மூலைல தானா ஒக்காருது. நெறமும் கறுத்துருக்கு. சாம்பல் எதுல இருக்கு?" என்று கேட்டார்.

"மேக்கதாம் வே இருக்கு. ஒம்ம சோலியப் பாரும்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்விட்டார். இரண்டு தொட்டிக்கும் சாக்குப் போட்டு ஈரம் காயாமல் நனைத்ததில் நான் ஓரவஞ்சனை செய்யவில்லை. அதை மட்டும் என் பக்கம் எழுதிக்கொள்.

இரண்டு கலவையிலும் கொஞ்சம் எடுத்து வார்த்து வைத்திருந்த சோதனைக் கட்டிகளை ஏழு நாள் கழித்து உடைத்துப் பார்த்தீர்கள். சாம்பல் என்று பெயர் எழுதிய கட்டி ஏழு நாளில் அவ்வளவு பலம் காட்டக்கூடாது. நீயே அதிசயப்பட்டாய். "இவ்ளோ சீக்கிரம் வராதேப்பா" என்று ஓடி வந்து சொன்னாய். சென்னையிலிருந்து பாராட்டிக் கடிதம் வந்தது. உன் அம்மா அதைப் பூஜை அலமாரியில் வைத்தாள். என் சிமெண்ட், உன் புகழ். இதைத்தான் நானே தேடிக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் கடிதம் அலமாரியில் இருந்தவரை நான் சாமி கும்பிடும்போது கண்ணை மூடிக்கொண்டேதான் கும்பிட்டேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். மூன்றாவது வருஷத்துச் சாரல் முடிந்ததும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடு இறங்கியது. போன வருஷம் சொட்ட ஆரம்பித்தது. கிழக்குச் சுவர் சுட்ட பானை மாதிரி உலர்ந்து கிடந்தது. நீ வந்து மேற்குச் சுவரின் முன்னால் ரொம்ப நேரம் நின்றாய். அந்த வெள்ளையை விரலால் தொட்டுப் பார்த்தாய். "சாம்பல் இருந்தா சுண்ணாம்பு இப்படி வெளிய வரப்படாது. நாந்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேம்ப்பா" என்றாய். அந்த நேரத்தில் எனக்கு எல்லாம் தெரியும். சாம்பலைப் பற்றி நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி என்று அந்த இரண்டு சுவரும் சொல்லிக்கொண்டிருந்தன. நான் உன் தோளில் கையைப் போட்டு, "விடுலே, புஸ்தகத்துல உள்ளதெல்லாம் இங்கன நடக்குமா?" என்றேன். அன்று வீட்டில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். வேறு எதையும் நீ மன்னித்தாலும் அந்த இரண்டு தோசையை மன்னிக்காதே.

ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன். உன் சோதனை தோற்றதால் மற்ற ஊர்களில் சாம்பல் போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வாயைத் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை உன் கடிதத்தை உன் அம்மாதான் பிரித்து எனக்குச் சத்தமாகப் படித்தாள். தோல்வி என்ற இடம் வந்ததும் நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம் புள்ள தோத்துட்டேன்னு எழுதியிருக்கான். ஒங்க மொகத்துல என்னத்துக்குச் சிரிப்பு வருது?" என்று கேட்டாள்.

நான் சிரித்தேன் என்று எனக்கே தெரியாது. முப்பத்தைந்து வருஷம் என் முகத்தைப் பார்த்தவளுக்குத் தெரிந்தது. இருமினேன், காற்றாட வெளியே போகிறேன் என்றேன். அவள் விடவில்லை. கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. கடிதத்தை மடித்து என் மடியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். இதை எழுதும் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் மைதீன் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி" என்றார்.

"நாலு வருஷமா ஏன் வே வாயத் தொறக்கல?"

"பெத்த தகப்பன் சொல்லாதத நான் எப்பிடிப் போயிச் சொல்லுதது? இன்னைக்குச் சொல்லுவாவ, நாளைக்குச் சொல்லுவாவன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

இரண்டு சுவரின் மேல் விளிம்பிலும் உளியால் கொஞ்சம் கொஞ்சம் உடைத்து எடுத்தோம். கிழக்கே உளி இறங்கவே மாட்டேன் என்றது. மேற்குத் துண்டு ஒரு பொட்டலம், கிழக்குத் துண்டு ஒரு பொட்டலம், இரண்டின் மேலும் நானும் அவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். உன் கண்ணாடி உருண்டைகள் எந்தப் பொட்டலத்தில் இருக்கின்றன என்று பூதக்கண்ணாடி சொல்லிவிடும். என் வார்த்தையை யாரும் நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

அப்பன் என்கிற உரிமையில் இரண்டு புத்தி சொல்கிறேன், அந்த உரிமை இன்னும் பாக்கி இருந்தால். இனிமேல் எந்த வேலையிலும் கலவை போடும் முன் சாக்கை நீயே அவிழ்த்து, கையை விட்டுப் பார். கொட்டகைச் சாவியை யாரிடமும் கொடுக்காதே, உன் தகப்பனாக இருந்தாலும் சரி. இன்னொன்று, உன் பையனுக்கு இப்போது இரண்டு வயது. அவன் ஒரு நாள் உன் கையிலிருந்து பென்சிலை வாங்குவான். அப்போது உனக்கு என்ன தோன்றினாலும் அன்றைக்கே அவனிடம் வாய்விட்டுச் சொல்லிவிடு. சிரித்துவிடுவான், அதோடு போய்விடும். நான் இருபது வருஷம் சொல்லாமல் வைத்திருந்தேன்.

இதை எழுதினால் எனக்குப் பொறாமை தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். தீரவில்லை. நீ ஜெயித்துவிட்டாய் என்று என் கையாலேயே எழுதும்போது இப்போதும் நெஞ்சில் ஒரு பக்கம் எரிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

உன்னை எனக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் நீ என்ன செய்வாய் என்றும் தெரியும். அப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் ஐந்து மாதம்தான் இருக்கிறது, விசாரணை வந்தால் பென்ஷன் போய்விடும், ஊரில் தலைகாட்ட முடியாது என்று யோசிப்பாய். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, தோல்வி என்ற ரிப்போர்ட்டில் பேசாமல் கையெழுத்துப் போடுவாய். வாழ்நாள் முழுவதும் யாரிடமும் சொல்லமாட்டாய். அப்பனுக்காகத் தன் பெயரையே விட்டுக்கொடுத்த பிள்ளை என்று எனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். நான் சாகிற வரை தினமும் அதை நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பெருமையும் உனக்கே போவதா? அதை மட்டும் என்னால் தாங்கவே முடியாது.

அதனால்தான் இந்தக் கடிதத்தை இரண்டு பிரதி எழுதினேன். உன் பெரிய இன்ஜினீயருக்கு உரியது, இரண்டு பொட்டலங்களோடு, நேற்றுக் காலைத் தபாலிலேயே போய்விட்டது. உனக்கு உரியதை இன்றுதான் போடுகிறேன்.

உன் அப்பா